எங்கே இறங்குவது?

அம்மா பஸ் ஏறுகிற தினத்தில் தண்ணீர் குடிக்க மாட்டாள். காலையில் காப்பி கிடையாது. இரண்டு இட்லி, தொண்டையை நனைக்க ஒரு வாய்த் தண்ணீர், அவ்வளவுதான். சிறு வயதில் நான் இதை ஏதோ விரதம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கல்யாணமாகி, என் மனைவியும் பிரயாண தினத்தில் அதே விரதத்தைக் கடைப்பிடிப்பதைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. வழியில் பஸ் நின்றால் ஆண்பிள்ளைக்கு ஊரெல்லாம் இடம். பெண்பிள்ளைக்கு ஓர் இடமும் இல்லை.

எழுபது வயதைத் தாண்டியதும் அம்மாவின் முழங்கால்கள் மடங்க மறுத்துவிட்டன. நாற்காலிபோல் உட்காருகிற கழிவறை இருந்தால்தான் முடியும். அப்புறம் விரதத்துக்கே அவசியம் இல்லாமல் போய்விட்டது, பிரயாணமே நின்றுவிட்டது. ஆறு வருஷமாக அவள் தஞ்சாவூர் எல்லையைத் தாண்டவில்லை. கல்யாணம், காது குத்தல், துக்கம் எல்லாவற்றுக்கும் அவள் சார்பில் நான்தான் போய்வருகிறேன்.

அவளுக்கு ஓர் ஆசை உண்டு. வாய்விட்டுச் சொன்னதில்லை. பத்திரிகையில் வீராணம் ஏரி நிரம்பிவிட்டது என்று செய்தி வந்தால் அந்தத் தாளை மட்டும் மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வாள். காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்தில், ஏரியின் கீழ்க்கரைக்கு அடியில் இருக்கிறது அவள் பிறந்த கிராமம். தாத்தா போனபிறகு வீடு விற்றாகிவிட்டது. மாமா குடும்பம் வடக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த ஊரில் எங்கள் மனிதர் என்று இப்போது யாரும் இல்லை.

“ஒருதரம் போய்விட்டு வருவோமா?” என்று ஒவ்வொரு மார்கழியிலும் கேட்பேன்.

“போலாம்தான். யார் வீட்டிலே போய் இறங்கறது?” என்பாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு ஊருக்குப் போவது என்றால் அந்த ஊரில் ஒரு வீட்டில் இறங்குவது என்றுதான் அர்த்தம். ஏரி எங்கேயும் போகாது. இறங்க வீடுதான் வேண்டும். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்ததில்லை.

போன வருஷம் பதில் வந்தது, அமெரிக்காவிலிருந்து. என் அக்கா பிள்ளை லீவில் வந்திருந்தான். அங்கே அவன் சிநேகிதர்களோடு சேர்ந்து ஒரு பெரிய வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஏரிக்கரை ஏரிக்கரையாகப் போய்த் தங்குவானாம். வண்டிக்குள்ளேயே கட்டில், அடுப்பு, குளிர்ப்பெட்டி, குளியலறை எல்லாம் உண்டு. ஏரி ஓரத்தில் இதற்கென்றே மைதானம் ஒதுக்கி, ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மின்கம்பமும் தண்ணீர்க் குழாயும் வைத்திருப்பார்களாம்.

“மாமா, பாட்டிக்கு இறங்க வீடுதானே வேணும்? வீட்டையே கூட்டிக்கிட்டுப் போயிடுவோம்” என்றான்.

கேரவான் என்கிற வார்த்தை நமக்குப் புதிதல்ல; சினிமா நட்சத்திரங்கள் படப்பிடிப்புக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் வண்டி என்று தெரியும். அதைப் பிரயாணத்துக்கும் வாடகைக்கு விடுகிறார்கள். கேரளத்தில் 2021-இல் இதற்கென்று ஒரு கொள்கையே வகுத்து, அடுத்த வருஷம் வாகமன் மலையில் வண்டிகள் நிற்க ஓர் இடமும் திறந்துவிட்டார்கள். பையன் கைபேசியைத் தடவி, சென்னையிலிருந்து டிரைவரோடு வரக்கூடிய ஒரு வண்டியைப் பிடித்துவிட்டான். ஏழு மீட்டர் நீளம், நாலு பேர் படுக்கலாம். படத்தை அம்மாவிடம் காட்டினான். அவள் கட்டிலைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்க்கவில்லை. கழிவறைப் படத்தை மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

“உட்கார்ற மாதிரிதான் இருக்கு” என்றாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

அன்று ராத்திரியே திட்டம் போட உட்கார்ந்தோம். முதல் கேள்வி, எப்போது போவது என்பது. அதைத் தீர்மானிப்பது நாங்கள் இல்லை, ஏரி. வீராணம் தானாக நிறைகிற ஏரி அல்ல. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி திறப்பார்கள். காவிரியில் வரும் தண்ணீரில் ஒரு பங்கு கொள்ளிடத்தில் இறங்கி, அணைக்கரையில் இருக்கும் கீழணைக்கு வரும். 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய அணை அது. அங்கிருந்து வடவாறு என்கிற கால்வாய் 22 கிலோமீட்டர் ஓடி ஏரியில் விழுகிறது. ஏரியின் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. முழு மட்டம் 47.50 அடி என்று பத்திரிகையில் போடுவார்கள். இது கடல் மட்டத்திலிருந்து எடுத்த கணக்கு, ஏரியின் ஆழம் அல்ல. சாகுபடி முடிந்த கோடையில் மட்டம் இறங்கிவிடும். ஐப்பசி கார்த்திகையில் போனால் ஏரி நிறைந்திருக்கும், ஆனால் புயல் மழையில் அகப்பட்டுக்கொள்வோம். ஆகவே மழை ஓய்ந்து, ஏரி நிறைந்து, அறுவடை தொடங்காத மார்கழிக் கடைசி என்று வைத்துக்கொண்டோம்.

இரண்டாவது கேள்வி, எங்கே நிற்பது. பையன் கடிதாசை நாலாக மடித்து நாலு தலைப்பு எழுதினான்: இடம், மின்சாரம், தண்ணீர், கழிவு. வண்டி சமதரையில் நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் கட்டிலில் படுத்தவர் உருண்டுவிடுவார். மழைக்குப் பின் மண் இளகியிருந்தால் சக்கரம் புதையும். வண்டி மூன்று மீட்டர் உயரம்; கிராமத்துத் தெருவில் தாழ்ந்து தொங்கும் மின்கம்பியும் புளியங்கிளையும் உச்சியைப் பிடித்துக்கொள்ளும். குளிர்சாதனம் ஓட வேண்டுமானால் கெட்டியான ஒயர் ஒன்றை நல்ல இணைப்பிலிருந்து இழுக்க வேண்டும். ஜெனரேட்டரை ராத்திரியெல்லாம் ஓடவிட்டால் ஊரே எழுந்து உட்காரும்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். “எங்கப்பா கூண்டு வண்டி கட்டிக்கிட்டு ஆருத்திரா தரிசனத்துக்குச் சிதம்பரம் கூட்டிக்கிட்டுப் போவார். வண்டிக்கு அடியிலே வைக்கோலும் அரிக்கேன் விளக்கும் தொங்கும். சாயங்காலம் மரத்தடியா பாத்து அவிழ்த்துப் போட்டுடுவார். இத்தனை கணக்குக் கிடையாது” என்றாள். பிறகு நாலாவது தலைப்பைக் காட்டி, “இது என்னடா?” என்று கேட்டாள்.

பையன் விளக்கினான். வண்டியில் மூன்று தொட்டி. ஒன்றில் நல்ல தண்ணீர். ஒன்றில் கை கழுவிய, குளித்த தண்ணீர். மூன்றாவது, கழிவறைத் தொட்டி.

“அது ரொம்பிட்டா?”

“திறந்து கொட்டிடணும் பாட்டி. அங்கேயெல்லாம் அதுக்குன்னு தனி இடம் வச்சிருப்பாங்க.”

“இங்கே?”

பையன் என்னைப் பார்த்தான். நான் விசிறியைப் பார்த்தேன்.

“அந்த ஏரித் தண்ணியை மெட்ராஸே குடிக்குதுடா” என்றாள் அம்மா. அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டாள்.

வாஸ்தவம். பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில் வெட்டிய ஏரி. வீரநாராயணன் என்ற அவன் பட்டப்பெயர்தான் ஏரிக்கும் காட்டுமன்னார்கோயில் பெருமாளுக்கும் பெயர். சுமார் 45,000 ஏக்கர் வயல் இன்றைக்கும் அதன் தண்ணீரில் விளைகிறது. 2004-லிருந்து சென்னைக்கும் அதுதான் குடிநீர். நாளுக்கு 18 கோடி லிட்டர் போகும்படி அமைத்த திட்டம். ஏறக்குறைய 235 கிலோமீட்டர் குழாயில் போகிறது. அதற்கு முன்னாலும் ஒரு முயற்சி நடந்தது. 1960-களின் கடைசியில் தொடங்கி, அரைகுறையாக நின்றுபோனது. அதற்காகச் செய்த ராட்சசக் குழாய்கள் பல வருஷம் சாலையோரத்தில் கிடந்தன. வீடில்லாத ஏழைகள் அவற்றுக்குள் குடியிருந்தார்கள். புடவையை வாசலுக்குத் திரையாகக் கட்டி, முன்னால் அடுப்பு மூட்டிச் சமைத்தார்கள். அம்மா கல்யாணமாகித் தஞ்சாவூருக்கு வந்த பிறகு, பட்டணம் போகும் வழியில் அதைப் பார்த்திருக்கிறாள். இன்றைக்கும் குழாய்வீடு என்று சொல்லுவாள். அந்த வீடுகளுக்கு நாலாவது தலைப்பு என்னவாயிருந்தது என்று அன்று ராத்திரிதான் நான் யோசித்துப் பார்த்தேன்.

நேரில் போய்ப் பார்த்தால்தான் முடியும் என்று, ஒரு நாள் விடியற்காலை கடிதாசைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கும்பகோணம், அணைக்கரை, காட்டுமன்னார்கோயில். அங்கிருந்து லால்பேட்டை. வழியெல்லாம் வெற்றிலைக் கொடிக்கால்களின் பச்சை. கரைமேல் ஏறியதும் காற்று முகத்தில் அடித்தது. எதிர்க்கரை தெரியவில்லை. 1950-இல் கல்கி ‘பொன்னியின் செல்வ’னைத் தொடங்கியபோது வந்தியத்தேவனை முதல் அத்தியாயத்தில் குதிரையோடு கொண்டுவந்து நிறுத்தியது இந்தக் கரையில்தான். குதிரையை நிறுத்துவது சுலபம். எனக்கு ஏழு மீட்டர் இடம் வேண்டியிருந்தது.

கரை ஏறக்குறைய 16 கிலோமீட்டர் நீளம். அதன்மேலேயே சாலை போகிறது. ஒருபக்கம் தண்ணீர், ஒருபக்கம் பள்ளத்தில் வயல். இரண்டு பஸ் ஒதுங்குவதே பிரயத்தனமாக இருக்கும் இடங்கள் உண்டு. டீக்கடையில் விசாரித்தேன். கடைக்காரர் கடிதாசை வாங்கிப் படித்துவிட்டு, “ஷூட்டிங்கா சார்?” என்றார். இல்லை, எங்கள் அம்மா தங்குவதற்கு என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கரைக் கூப்பிட்டுவிட்டார்.

லஸ்கர் ஐம்பது வயது மனிதர். தோளில் துண்டு, கையில் மதகுச் சாவி. நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். “பகல்லே நின்னு பாத்துட்டுப் போங்க. ராத்திரி கரைமேலே வண்டி நிக்கப்படாது. கரைக்குப் பாரம் ஆகாது” என்றார். பிறகு, யாரோ அவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தாற்போல, “உள்ளே கக்கூஸ் இருக்குங்கறீங்களே, அதை எங்கே விடுவீங்க?” என்று கேட்டார்.

அம்மா கேட்ட அதே கேள்வி. கும்பகோணத்திலோ சிதம்பரத்திலோ பாதாளச் சாக்கடை இருக்கிறது, கழிவு லாரிக்காரர்களை விசாரித்து அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கலாம் என்று பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்திருந்தேன். சொன்னேன். “அப்ப சரி. நம்ம ஊருக்குள்ளே களம் ஏதாவது கேட்டுப் பாருங்க” என்று இறங்குகிற பாதையைக் காட்டினார். அவர் காட்டியது அம்மாவின் ஊருக்குப் போகிற பாதை.

முப்பது வருஷத்துக்குப் பிறகு அந்தத் தெருவில் நுழைந்தேன். தாத்தா வீடு இருந்த இடத்தில் மாடி வீடு நிற்கிறது. தெருக் கோடியில் ஒரு களம். சிமெண்டு பூசி, சமதரையாக, கம்பி கிளை எதுவும் குறுக்கிடாமல், எங்கள் கடிதாசைப் பார்த்தே போட்டதுபோல் இருந்தது. பக்கத்து வீட்டு வாசலில் ஒரு பெண் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். களம் அவர்களுடையதுதான். விவரம் சொன்னேன்.

“தாராளமா நிறுத்துங்கண்ணே. தை பொறந்து நெல்லு வர்றதுக்குள்ளே எடுத்துடுங்க. ஒயரு நம்ம வீட்டிலேருந்தே இழுத்துக்கலாம்” என்றாள். பிறகு தயங்கி, “அம்மாவுக்கு என்ன உடம்புக்கு? எதுக்கு வண்டியிலே படுக்கணும்?” என்று கேட்டாள்.

முழங்காலைப் பற்றிச் சொன்னேன். கழிவறையைப் பற்றி நேரடியாகச் சொல்லக் கூச்சமாக இருந்தது. சுற்றி வளைத்துச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள்.

“இவ்வளவுதானா? எங்க மாமியாருக்கும் அதே முட்டிதான். போன வருஷம்தான் உக்கார்ற மாதிரி கட்டினோம். பிடிச்சுக்கக் கம்பிகூட வச்சிருக்கு. வந்து பாருங்க.”

என்னை அழைத்துப் போய்க் காட்டினாள். வாழ்க்கையில் எத்தனையோ கோபுரங்களையும் மண்டபங்களையும் பார்த்திருக்கிறேன். அன்றைக்குப்போல் நின்று பார்த்ததில்லை.

உள்ளே கயிற்றுக் கட்டிலில் மாமியார் உட்கார்ந்திருந்தாள். அம்மாவைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். யார் என்று கேட்டாள். தாத்தா பெயரைச் சொல்லி, அவர் மகள் வயிற்றுப் பிள்ளை என்றேன். கிழவி கண்ணை இடுக்கிக்கொண்டு என் மூக்கையும் நெற்றியையும் ஆராய்ந்தாள்.

“அவ புள்ளையா நீ? மதகடி வாய்க்கால்லே அவளை யாரும் நீஞ்சி ஜெயிச்சது கிடையாது. இந்தக் கரையிலே குதிச்சா அந்தக் கரையிலேதான் தலை தெரியும். சுகமா இருக்காளா?”

எங்கள் அம்மாவுக்கு நீந்தத் தெரியும் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. பிரயாண தினத்தில் ஒரு வாய்த் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளும் அம்மாவைத்தான் நான் அறிவேன். தண்ணீருக்குள் முழுகி அக்கரையில் தலை தூக்குகிற அந்தப் பெண்ணை யாரும் எனக்கு அறிமுகப்படுத்தவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது கடிதாசை எடுத்துப் பார்த்தேன். நாலு தலைப்புக்கும் பதில் கிடைத்துவிட்டது, வண்டிதான் தேவைப்படவில்லை. யாரையும் ஒன்றும் கேட்காமல் இருக்க வேண்டும் என்பதற்காக நாங்கள் ஒரு வீட்டையே வாடகைக்கு எடுக்க இருந்தோம். அந்த வீட்டை நிறுத்துவதற்காக ஒருத்தியிடம் போய்க் கேட்க வேண்டியிருந்தது. கேட்டதும் அவள் வீட்டையே திறந்துவிட்டாள்.

இதனால் அந்த வண்டியை நான் குறைவாகச் சொல்லவில்லை. எல்லாருக்கும் ஒரு கிழவியின் ஞாபகம் கிடைத்துவிடாது. அறிமுகமில்லாத ஊரில் அந்த வண்டி பெரிய உபகாரம்தான். ஆனால் வண்டி வைத்துக்கொள்ள வசதியில்லாத, மடங்காத முழங்கால்கள் நாட்டில் எத்தனையோ இருக்கின்றன. எங்கள் தஞ்சாவூர்ச் சீமையில் ராஜாக்கள் வழிநெடுகச் சத்திரம் வைத்தார்கள். ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. சத்திரங்களில் வழிப்போக்கருக்குச் சோறு மட்டுமல்ல, நோயாளிக்கு வைத்தியம், பிள்ளைத்தாய்ச்சிக்குப் பராமரிப்பு எல்லாம் உண்டு என்று இரண்டாம் சரபோஜி 1801-இல் எழுதிய கடிதம் சொல்லுகிறது. பிரயாணம் செய்கிறவருக்கும் உடம்பு உண்டு என்று அந்த நாளில் யாரோ நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். இன்றைக்கு ராஜபாட்டையில் 20 கிலோமீட்டருக்கு ஒன்றாக, சுத்தமாக, உட்காருகிற மாதிரி ஒரே ஓர் அறை இருந்தால் போதும். எங்கள் வீட்டில் இந்தக் கடிதாசுக்கே அவசியம் இருந்திராது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அக்கா பிள்ளைக்கு முகம் வாடிவிட்டது. “ஒயர் எத்தனை மீட்டர்னுகூடக் கணக்குப் போட்டுட்டேனே மாமா” என்றான். அம்மா எதுவும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கழிவறையைப் பற்றிச் சொன்னேன். கம்பியைப் பற்றிச் சொன்னேன். “அடுத்தவங்களுக்குப் பாரம்டா” என்று ஆரம்பித்தாள். நீச்சலைப் பற்றிக் கிழவி சொன்னதைச் சொன்னதும் நிறுத்திக்கொண்டாள்.

“அவ இருக்காளா?” என்றாள் சற்று நேரம் கழித்து.

“இருக்காங்க. உனக்கு மாதிரியே முட்டி.”

“பொய் சொல்லியிருக்கா. ஜெயிச்சதெல்லாம் அவதான்.”

மறுநாள் காலை என் மேஜைமேல் அந்தக் கடிதாசு பின்பக்கம் திருப்பி வைத்திருந்தது. அம்மாவின் கோணல் எழுத்தில் வேறொரு பட்டியல். கிழவிக்கு ஒரு புடவை, நூல் புடவை, கரை அகலமாக. வீட்டுப் பெண்ணுக்கு ரவிக்கைத் துணி. குழந்தை இருந்தால் கடலை உருண்டை. வாழைப்பழம் ஒரு சீப்பு. வெற்றிலை என்று எழுதி அடித்திருந்தாள். லால்பேட்டைக்குப் பக்கத்தில் வெற்றிலை கொண்டுபோவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற காரியம்தான்.

ஏரி நிறைந்ததும் போவதாக இருக்கிறோம். பத்திரிகையில் தினமும் மட்டத்தை அவளே பார்த்துச் சொல்லுகிறாள்.

“கார்லே போனா எத்தனை நாழியாகும்?” என்று நேற்றுக் கேட்டாள்.

“மூணு மணி நேரத்துக்குள்ளே போயிடலாம்.”

கணக்குப் போட்டாள். “அங்கே போனதும் அவ வீடு இருக்கு. அப்போ புறப்படறப்போ அரை டம்ளர் காப்பி சாப்பிடலாம்” என்றாள்.